குளிசைப் பையும் கல்விச் சுற்றுலாவும்

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்துகள் யாழ்ப்பாணத்திலிருந்து நள்ளிரவில் தெற்கு நோக்கிப் புறப்படுவது இன்று சாதாரணமான காட்சி. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட காலத்தில் இங்கு படித்த பிள்ளைகளுக்குச் சிகிரியாவும் நுவரெலியாவும் பாடப்புத்தகப் படங்களாக மாத்திரமே இருந்தன. போர் முடிந்து பாதை மீண்டும் திறந்த பின்னர், அனுராதபுரம், பொலனறுவை, கண்டி, நுவரெலியா என்று இரண்டு மூன்று நாட்கள் சுற்றி வருவது ஏறத்தாழப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இந்தப் பயணங்களை மனதார வரவேற்பவர்களில் நானும் ஒருவன்.

பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கல்விச் சுற்றுலா செய்தியாவது இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: பேருந்து தடம் புரண்டால், அல்லது பிள்ளை நீரில் மூழ்கினால். அப்போது சாரதியின் அனுமதிப்பத்திரம் பற்றியும் பொறுப்பாசிரியர்களின் கவனயீனம் பற்றியும் ஆசிரியர் தலையங்கங்கள் எழுதுவோம். ஆனால் ஒவ்வொரு பேருந்திலும் பயணப் பைகளுக்குள் மறைந்திருக்கும் குளிசைகளைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அவை செய்தியாவதில்லை. செய்தியாகாதபடியால் அவற்றைப் பற்றிச் சிந்திப்பவர்களும் குறைவு.

நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் ஆஸ்துமா எனப்படும் தொய்வு நோய் உள்ளவர் ஒருவரேனும் இருப்பார். வலிப்புக்கோ இருதயக் கோளாறுக்கோ நாள்தோறும் மருந்தெடுக்கும் பிள்ளையும் இருக்கலாம். இன்சுலின் ஊசி போடும் பிள்ளைகளும் அங்குமிங்கும் இருக்கின்றனர். வீட்டில் இருக்கும்வரை தாயாருக்கு நேரம் தெரியும், அளவு தெரியும், எந்த அறிகுறி வந்தால் பயப்பட வேண்டும் என்பதும் தெரியும். பேருந்து புறப்பட்ட கணத்திலிருந்து அந்த அறிவு முழுவதும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. பையோடு போவது குளிசை மாத்திரமே.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சில வருடங்களுக்கு முன்னர் என்னிடம் சொன்ன சம்பவம் இது. தரம் பத்து மாணவிகளை அழைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போயிருந்தார். இரண்டாவது நாள் பின்னிரவில் ஒரு மாணவிக்கு வலிப்பு வந்துவிட்டது. கூட இருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வந்தனர். யாரோ ஒருவர் கையில் இரும்புத் திறப்பைத் திணித்தார். இன்னொருவர் வாய்க்குள் கரண்டியை வைக்க முயன்றார். ஆசிரியை அவரைத் தடுத்து, பிள்ளையை ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். இரண்டொரு நிமிடங்களில் வலிப்பு நின்றது. பிள்ளையின் பையைத் திறந்து பார்த்தபோது, ஒரு சோடிக் காலுறைக்குள் சுருட்டி வைக்கப்பட்ட குளிசை அட்டை அகப்பட்டது. புறப்பட்ட நாளிலிருந்து ஒரு குளிசைகூட எடுக்கப்படவில்லை. சிநேகிதிகள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம்.

கண் விழித்த பிள்ளை முதலிற் சொன்ன வார்த்தைகளை ஆசிரியை மறக்கவேயில்லை.

"ரீச்சர், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அம்மா சொல்ல வேண்டாம் எண்டவ."

அந்தத் தாயாரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஆனால் அவருடைய கணக்கையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வலிப்பு என்ற சொல் நமது ஊரில் ஒரு பெண்பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டால், பத்து வருடம் கழித்துத் திருமணப் பேச்சு எழும்போதுகூட அது வீட்டு வாசலில் வந்து நிற்கும். அது ஒரு காரணம். இரண்டாவது காரணம் இன்னும் கிட்டவானது. நோயைச் சொன்னால் பாடசாலை என்ன செய்யும்? "அப்படியென்றால் பிள்ளையை விட வேண்டாம், எங்களால் பொறுப்பெடுக்க முடியாது" என்று சொல்லிவிடும். பல பாடசாலைகளில் நடப்பது இதுதான். உண்மையைச் சொன்ன பெற்றோரின் பிள்ளை வீட்டில் நிற்கின்றது. மறைத்தவரின் பிள்ளை பேருந்தில் ஏறுகின்றது. உண்மைக்குத் தண்டனையும் மறைப்புக்கு வெகுமதியும் கிடைக்கின்ற ஓர் ஏற்பாட்டில் யார்தான் உண்மை சொல்வார்கள்?

மறைப்பதால் வரும் ஆபத்துப் பெரியது. ஏனெனில் சுற்றுலா என்பதே உடலின் வழமையைக் குலைக்கின்ற ஒன்று. வலிப்பு உள்ளவர்களுக்கு மருந்தைத் தவறவிடுவது எவ்வளவு தீங்கோ, நித்திரை குறைவதும் ஏறத்தாழ அவ்வளவு தீங்கு. நமது சுற்றுலாக்களில் முதலிற் பறிபோவது நித்திரைதான். இரவிரவாகப் பாட்டும் பைலாவும், விடியற்காலையில் எழுப்பிக் குளிக்க வைப்பதும், மறுபடியும் பேருந்தும். குளிசையும் நித்திரையும் ஒரே இரவில் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு மேலே சொன்ன சம்பவமே சாட்சி. வலிப்பு வந்தால் இரும்பும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தொய்வு நோய்க்கு நுவரெலியா ஒரு சோதனைக் களம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நகரத்தில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது வழமை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நெஞ்சுக்குக் குளிர்காற்று, விடுதியின் பழைய மெத்தைத் தூசி, பாசறைத் தீயின் புகை ஆகிய மூன்றும் ஒரே இரவில் கிடைக்கின்றன. நாம் 'பம்ப்' என்று சொல்கின்ற இன்ஹேலர் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் "பம்ப் பழகினால் பிறகு விட ஏலாது" என்ற தவறான நம்பிக்கையால் அதை வீட்டில் வைத்துவிட்டு வருகின்ற பிள்ளைகள் உண்டு. பயணப் பைக்குள் போட்டு, அந்தப் பையைப் பேருந்தின் அடிப்பெட்டியில் ஏற்றிவிடுகின்றவர்களும் உண்டு.

இன்சுலின் இன்னொரு விதமான சிக்கல். பாவனையிலுள்ள இன்சுலினைப் பொதுவாக நான்கு வாரங்கள்வரை அறை வெப்பநிலையில் வைத்திருக்கலாம். ஆனால் அனுராதபுரத்து வெயிலில் கதவடைத்து நிறுத்திய பேருந்தின் உட்புறம் அறையல்ல, அடுப்பு. அதற்குப் பயந்து விடுதிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் அதுவும் கெடுதி. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது. காலையில் ஊசி போட்டுவிட்டு, பத்து மணிக்குச் சிகிரியாவின் சுமார் 1,200 படிகளையும் ஏறி இறங்கி, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு வந்தால், அந்தப் பிள்ளையின் இரத்தச் சீனி விழுந்துவிடும். வியர்த்து, நடுங்கி, தடுமாறும்போது 'களைப்பு' என்று நினைத்து நிழலில் படுக்க வைப்பார்கள். தேவைப்படுவது உடனடியாகச் சீனி, குளுக்கோஸ், இனிப்புப் பானம். அறிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகின்ற விடயம் இது. அறியாதவர் இருந்தால் உயிராபத்து.

நோயில்லாத பிள்ளைகளும் மருந்து விடயத்தில் பாதுகாப்பாக இல்லை. தலையிடிக்குப் பனடோல், தும்மலுக்குப் பிரிற்றன், சத்திக்கு இன்னொரு குளிசை என்று பேருந்துக்குள் தாராளமாகக் கைமாறுகின்றன. காலையில் ஓர் ஆசிரியை கொடுத்த பனடோலை மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் இன்னோர் ஆசிரியர் மறுபடியும் கொடுப்பார். பரசிற்றமோலின் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. இரண்டு வேளைகளுக்கிடையில் குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கொடுக்கலாகாது. டெங்கு உள்ள நமது நாட்டில் காய்ச்சற் பிள்ளைக்கு இபுபுறோபன், அஸ்பிரின் போன்றவற்றைக் கொடுப்பது இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும் என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றார்கள். ஒரு சிறிய கொப்பியில் பெயர், மருந்து, அளவு, நேரம் ஆகிய நான்கையும் எழுதி வைத்தாலே இவற்றில் பாதி தவிர்க்கப்படும்.

அப்படியானால் எல்லா மருந்துகளையும் வாங்கிப் பெட்டியிற் பூட்டி, திறப்பைப் பொறுப்பாசிரியர் வைத்திருந்தால் போதாதா? போதாது. இதற்குப் பதில், நம்மவர் பெருந்தொகையாக வாழ்கின்ற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கின்றது. 2012 இல் அங்கு றயன் கிபன்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பாடசாலையில் தொய்வு வந்து இறந்துபோனான். அவனுடைய இன்ஹேலர் அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அவனுடைய தாயார் விடாது போராடியதன் விளைவாக 2015 இல் 'றயன் சட்டம்' நிறைவேறியது. பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளை தன் இன்ஹேலரைத் தன்னுடனேயே வைத்திருக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. அதே மாகாணத்தில், ஒவ்வாமையால் 2003 இல் இறந்த சப்றினா ஷனன் என்ற 13 வயதுச் சிறுமியின் பெயரால் ஏற்கெனவே ஒரு சட்டம் 2006 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தது. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் சட்டமொன்று, நோயுள்ள மாணவர்களுக்கு ஆதரவளிப்பதைப் பாடசாலைகளின் கடமையாக்கியது. நோயுள்ள பிள்ளையும் சுற்றுலாவிற் பங்குபற்றுவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதற்கான வழிகாட்டல் சொல்கின்றது. ஒன்ராறியோவுக்கு இந்தப் பாடத்தைக் கற்பிக்க இரண்டு பிள்ளைகளின் உயிர் தேவைப்பட்டது. நமக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கின்றது.

ஆகவே பூட்ட வேண்டிய மருந்தும் உண்டு, பூட்டக்கூடாத மருந்தும் உண்டு. நேரத்துக்கு எடுக்கும் குளிசைகள் ஆசிரியரிடம் இருக்கட்டும். அவசரத்துக்கு எடுக்கும் மருந்து பிள்ளையின் சட்டைப் பையிலோ தோட்பையிலோ இருக்க வேண்டும். மேலதிகமாக ஒன்று ஆசிரியரின் கைப்பையில். எல்லாம் மருந்தகம் கொடுத்த உறையோடு, பெயர், அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும். பேருந்து பழுதானாலும் போதுமானபடி ஒரு நாளுக்குரியது கூடுதலாக வேண்டும். கிளினிக் கொப்பியின் பிரதியொன்று கூட வர வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும் என்பது ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் குறிப்பிட்ட ஆசிரியை, அந்தச் சம்பவத்தின் பின்னர் ஓய்வுபெறும்வரை ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தார். சுற்றுலாவுக்கு முன்னர் ஒவ்வொரு தாயாரையும் தனியே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் பேசுவார். கேட்டதைத் தன் கொப்பியில் மாத்திரம் எழுதுவார். பேருந்தில் எவருடைய பெயரையும் கூப்பிட்டுக் குளிசை கொடுத்ததில்லை. இரவிற் பல் துலக்கப் போகும் நேரத்தில் உரிய பிள்ளை தானாக வந்து வாங்கிக்கொண்டு போகும். "அந்தப் பத்து நிமிடத்துக்குள்ள தாய்மார் சொன்னதை, மூன்று வருசம் வகுப்பாசிரியையா இருந்தும் நான் அறிஞ்சிருக்கேல்லை" என்றார் அவர்.

பெற்றோரின் சம்மதக் கடிதங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கின்றேன். கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வரவேண்டும், அசம்பாவிதம் நேர்ந்தால் பாடசாலை பொறுப்பல்ல என்பவை அவற்றில் தவறாமல் இருக்கும். பிள்ளைக்கு என்ன மருந்து என்று கேட்கின்ற வரி சிலவற்றில் மாத்திரமே இருக்கும். அந்த வரியைச் சேர்ப்பது முதற்படி. அதற்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும் என்பதே அதிபர்களிடம் நான் வைக்கின்ற வேண்டுகோள். 'நீங்கள் தரும் தகவலைக் காரணங்காட்டி உங்கள் பிள்ளை இந்தச் சுற்றுலாவிலிருந்து விலக்கப்படமாட்டார்.' இந்த உத்தரவாதத்தைத் தந்து அதன்படி நடந்தும் காட்டுகின்ற பாடசாலைக்கு, காலுறைக்குள் ஒளித்து வைக்கப்பட்ட குளிசைகள் தாமாகவே மேசைக்கு வந்து சேரும்.