ரெண்டு வட்டமும் ஒரு டோஸும்

பொட்டி தட்டுறவனுக்கு கோடு எழுதுறது புதுசில்லை. ஆனா போன மாசம் நான் போட்டது நிஜமாவே கோடு. வாராவாரம் கிளையண்ட்டுக்குக் காட்டுற ஸ்டேட்டஸ் ஸ்லைடை "கொஞ்சம் பாக்குற மாதிரி பண்ணுப்பா"ன்னு டேமேஜர் என் தலையில கட்டிட்டார்.

அதுல இருந்த ஐகான் எல்லாம் ஆளுக்கொரு ஊர்லேர்ந்து வந்த மாதிரி. சர்வர் தடிக்கோடு, மேகம் மெல்லிசுக்கோடு, பூட்டு மட்டும் உள்ளே ரொப்பின கறுப்பு. கோட்டு ஐகானுக்கு அழகே எல்லாம் ஒரே தடிமன்ல இருக்கறதுதானே?

இதுக்குப் பெரிய டிசைன் மென்பொருள் எல்லாம் வேணாம் மக்களே. எஸ்விஜி கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேட்ல திறந்து 'ஸ்ட்ரோக்-விட்த்' எங்கேன்னு தேடுங்க. 2ன்னு இருக்கறதை 1.5 ஆக்கினா ஐகான் இளைச்சுடும். ஆனா படத்தைப் பெருசா இழுத்தா கோடும் கூடவே தடிச்சுடும். அதனால எல்லா ஐகானையும் ஒரே அளவுல வைக்கணும். பவர்பாயிண்ட்ல 'கன்வர்ட் டு ஷேப்' குடுத்துப் பிரிச்சா ஒவ்வொரு துண்டையும் தனியா மாத்தலாம்.

ஸ்டேட்டஸுக்கும் ஒரே மாதிரி மெல்லிசு வட்டம் போட்டேன். ஒழுங்கா ஓடுற வேலைக்குப் பச்சை, மாட்டிக்கிட்டதுக்குச் சிவப்பு. பக்கத்துல இருந்த எழுத்தையெல்லாம் அடைசலா இருக்குன்னு தூக்கிட்டேன். டேமேஜரே "சூப்பர்"னார்.

அடுத்த மீட்டிங். டீம்ல எனக்கு நாலு வருஷம் சீனியர் ஒருத்தர். "எது மாட்டியிருக்கு?"ன்னு கிளையண்ட் கேட்டதும், ஸ்லைடைப் பார்த்துத் தடுமாறி, நல்லா ஓடிக்கிட்டிருக்குற வேலையைச் சொல்லிட்டார். "ஸ்லைடைக்கூட ஒழுங்கா பாக்க மாட்டீங்களா?"ன்னு எல்லார் முன்னாடியும் டேமேஜர்கிட்ட டோஸ். அவர் வாயே திறக்கலை. நானும் சிரிச்சவங்கள்ல ஒருத்தன்.

சாயங்காலம் டீக்கடையில மெதுவா கேட்டார்: "தம்பி, அந்த வட்டத்துக்குள்ள ஏதாச்சும் குறி போட முடியுமா?"

"ஏண்ணே?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியுது."

காலேஜ் முடிச்ச கையோட ஒரு அரசு வேலைக்கான மெடிக்கல்ல, புள்ளிகளுக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்குற இஷிஹாரா அட்டையைக் காட்டினப்பதான் அவருக்கே தெரிஞ்சுதாம். வேலை போச்சு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் மூச்சு விடலை. "பழைய ஸ்லைடுல எழுத்து இருந்துச்சு, சமாளிச்சுட்டேன்"னார். எனக்கு டீ இறங்கலை.

தகவலை நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லாதேன்னு இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி 2.0 விதிகள் 2008லயே சொல்லியாச்சு. படிச்சிருக்கேன். ஸ்லைடுக்கும் கண்ணு ஒண்ணுதான்னு உறைக்கலை.

அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் மாத்தினேன். கோடு அதே 1.5தான். ஓடுறதுக்கு வட்டத்துக்குள்ள டிக், மாட்டினதுக்கு முக்கோணத்துக்குள்ள ஆச்சரியக்குறி. எடுத்த எழுத்தும் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. வியூ மெனுவுல 'கிரேஸ்கேல்' போட்டுப் பார்த்தேன். கலரே இல்லாமலும் எது எதுன்னு தெரிஞ்சுது.

அடுத்த வாரம் அண்ணன் கடகடன்னு சொல்லிட்டுப் போயிட்டார். "ஐகானை ஏம்ப்பா மாத்தினே?"ன்னார் டேமேஜர்.

"சும்மா, அழகுக்கு"ன்னேன். அண்ணன் ஸ்லைடையே பார்த்துக்கிட்டிருந்தார்.

(அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேரு மட்டும் போடாதே"ன்னார்.)