கப்டன் கேட்ட உதவி

1989ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி காலை நான் பணிக்குச் சென்றபோது, வெளிநாட்டுச் செய்திகளைத் தரும் ரெலிபிரின்டர் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள சியூ சிற்றி விமான நிலையத்தில் யுனைட்டட் எயார்லைன்ஸின் 232ஆம் இலக்க விமானம் விழுந்து நொருங்கியது என்பதே செய்தி. அமிர்தலிங்கம் அவர்கள் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஒரு வாரமே ஆகியிருந்தது. வடக்கிலும் தெற்கிலும் நாள்தோறும் உயிர்கள் பறிபோய்க்கொண்டிருந்த காலம். தொலைதூர விபத்தொன்றுக்கு உட்பக்கத்தில் ஒரு சிறு மூலைதான் கிடைத்தது. நானே மொழிபெயர்த்தேன். 'விமானம் விழுந்து நொருங்கியது. பயணிகள் பலர் பலி' என்று தலைப்பிட்டேன். அத்துடன் மறந்தும் போனேன்.

அந்தத் தலைப்பில் பிழை எதுவும் இல்லை. ஆனால் சொல்லப்பட வேண்டிய செய்தி அதில் இருக்கவில்லை என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே உணர்ந்தேன்.

டென்வரிலிருந்து சிக்காக்கோ நோக்கிப் புறப்பட்ட அந்த டீசீ-10 விமானத்தில் 296 பேர் இருந்தனர். பிற்பகல் 3.16க்கு, 37,000 அடி உயரத்தில், வாற்பகுதியில் இருந்த இயந்திரத்தின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. தயாரிப்பின்போதே டைட்டேனிய உலோகத்தில் இருந்த நுண்ணிய குறையொன்று காலப்போக்கில் வெடிப்பாக வளர்ந்து, பரிசோதித்தவர்களின் கண்ணுக்கும் தப்பியிருந்தது.

விமானி கையால் அசைக்கும் விசை நேரடியாகச் சிறகுகளைச் சென்றடைவதில்லை. குழாய்களில் பேரழுத்தத்துடன் ஓடும் திரவமே சிறகிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைக்கிறது. இதுவே ஹைட்ரோலிக் அமைப்பு. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்று டீசீ-10இல் மூன்று அமைப்புகள் வைத்திருந்தார்கள். சிதறிய துண்டுகளால் மூன்றுமே செயலிழந்தன. மூன்றும் ஒருசேரப் போகக்கூடும் என்று எவரும் கருதாததால், அந்நிலையில் செய்ய வேண்டியது என்னவென்று கைந்நூலில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

விமானம் வலப்புறம் சரிந்து கவிழத் தொடங்கியது. கப்டன் அல் ஹெய்ன்ஸ் எஞ்சிய இரண்டு இயந்திரங்களில் இடப்பக்கத்ததன் வேகத்தைக் குறைத்து, வலப்பக்கத்ததைக் கூட்டினார். விமானம் நிமிர்ந்தது. அதன்பின் திருப்புவதற்கும் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் அந்த இரண்டு நெம்புகோல்களே கதியாயின.

பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிட்ச், அதே நிறுவனத்தில் டீசீ-10 விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். உதவ விரும்புவதாகப் பணிப்பெண் மூலம் சொல்லி அனுப்பினார். ஹெய்ன்ஸ் உடனே அவரை உள்ளே அழைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானம் ஓட்டிய கப்டன், சற்றுமுன் வரை முகமறியாத ஒருவரின் கையில் இயந்திர நெம்புகோல்களை ஒப்படைத்தார். ஃபிட்ச் தரையில் மண்டியிட்டு அவற்றை இயக்கினார். துணை விமானி வில்லியம் ரெக்கோர்ட்ஸும் பொறியியலாளர் டட்லி டிவோராக்கும் தத்தமது யோசனைகளைச் சொன்னார்கள். எந்த ஓடுபாதையிலும் இறங்கலாம் என்று கட்டுப்பாட்டாளர் அறிவித்தபோது, ஓடுபாதைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறீர்களா என்று ஹெய்ன்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்.

இயந்திரம் வெடித்து 44 நிமிடங்களின் பின், வழமையைவிட மிகுந்த வேகத்தில் விமானம் தரையைத் தொட்டது. வலச் சிறகு மோத, உடைந்து, தீப்பற்றி, சோளக் காட்டுக்குள் கிடந்தது. 112 பேர் உயிரிழந்தனர். பணிப்பெண் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். 184 பேர் பிழைத்தனர். விமானிகளின் அறை நசுங்கி வெறும் உலோகக் குவியலாகக் கிடந்ததால், அதற்குள் உயிருள்ள நால்வர் இருப்பது அரைமணி நேரத்துக்கு மேலாகத் தெரியவில்லை.

தன்னை வீரன் என்பதை ஹெய்ன்ஸ் ஏற்கவில்லை. 2019இல் மறையும்வரை பல மேடைகளில் அவர் எடுத்துச் சொன்னது வேறொன்று. முன்பெல்லாம் விமானத்தில் கப்டனின் சொல்லே சட்டம். 1978ஆம் ஆண்டின் இறுதியில் போர்ட்லண்ட் நகருக்கு அருகே அதே நிறுவனத்தின் விமானமொன்று எரிபொருள் தீர்ந்து விழுந்து பத்துப்பேர் மாண்டனர். எரிபொருள் குறைந்து வருவது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சக்கரக் கோளாறில் மூழ்கியிருந்த கப்டனிடம் அதை உறைக்கும்படி சொல்ல அவர்களால் முடியவில்லை. அதன் பின்னரே, 1981 முதல், கீழுள்ளவர் பேசவும் மேலுள்ளவர் கேட்கவும் அந்த நிறுவனம் பயிற்சி அளித்தது. அந்நிலையில் விமானத்தை இறக்குவது பற்றி மற்ற மூவரையும்விடத் தனக்கு மட்டும் அதிகம் எப்படித் தெரிந்திருக்கும் என்பதே ஹெய்ன்ஸின் கேள்வி.

இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள், பஸ் விபத்தொன்றில் இறந்தோரின் பெயர்ப்பட்டியல் அச்சுக்குப் போகும் நேரம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒப்புநோக்காளர் இளைஞன் ஒருவன் தாளுடன் வந்து நின்றான்.

"சேர், இந்தப் பெயருக்கு ஊர் சரிதானா?"

"நேரமில்லை தம்பி. பக்கத்தைக் கொடும்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை முதியவர் ஒருவர் பத்திரிகையை மடித்துப் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். "பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடக்கிறான் ஐயா. தாய் பேப்பரைப் பார்த்துவிட்டு விழுந்தவள் இன்னும் எழும்பவில்லை" என்றார். கோபிக்கவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரே பெயருடைய இருவரில் காயமடைந்தவரின் ஊரை இறந்தவரின் பெயருடன் சேர்த்திருந்தோம். அந்த இளைஞனும் அதே ஊரவன்தான். பிறகு கேட்டபோது, "நீங்கள் ஏசுவீர்கள் என்று பயந்துவிட்டேன் சேர்" என்றான்.

திருத்தம் வெளியிட்டோம். தாயும் தேறினார். ஆனால் என் தோரணைக்கு எந்தப் பத்தியில் திருத்தம் போடுவது?

அதன் பின், ஓய்வு பெறும்வரை, பக்கம் மூடுமுன் மேசையில் இருப்பவர்களில் வயதில் மிகக் குறைந்தவரை அழைத்து, "வேறென்ன பிழை தெரிகிறது தம்பி?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பெரும்பாலான இரவுகளில் "ஒன்றுமில்லை சேர்" என்பதே பதில். சில இரவுகளில் அப்படியில்லை.