தேய்ந்துபோன மர ஸ்கேல்



நேற்று பேத்தி பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்திலிருந்து பென்சிலை அளந்துகொண்டிருந்தாள். "பூஜ்யம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கு பாரு, அங்கேயிருந்து வைம்மா" என்றேன். சொன்னதுமே ஒரு பழைய விஷயம் மனதில் தைத்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1987 இருக்கும். ஏழாம் வகுப்பு. பள்ளியில் இருந்தது ஒரே ஒரு மீட்டர் ஸ்கேல், மரத்தில் செய்தது. அதைக் கை மாற்றிக் கொடுத்து, அறிவியல் புத்தகத்தின் நீளத்தை அளக்கச் சொன்னேன். 28 பேர் 24.4 செ.மீ. என்று எழுதினார்கள். ஒருவன் மட்டும் 23.9.

"இத்தனை பேரும் தப்பு, நீ மட்டும் சரியா?" என்று கேட்டேன். "சார், நான் பத்திலிருந்து வச்சு அளந்து, பத்தைக் கழிச்சேன் சார்" என்றான். அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்து, சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் ஸ்கேலை பீரோவில் வைக்கும்போதுதான் பார்த்தேன். அதன் முனை அரை சென்டிமீட்டர் தேய்ந்திருந்தது. பூஜ்யக் கோடே இல்லை. அவன்தான் சரி.

அளவீட்டுப் பிழை இரண்டு விதம். கை நடுக்கம், பார்வைக் கோணம் மாறுவது போன்றவற்றால் அளவு ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். கருவியே தவறாக இருந்தால் எத்தனை முறை அளந்தாலும் அதே தவறுதான் வரும். ஆயிரம் பேர் ஒத்துச் சொன்னாலும் அது உண்மையாகிவிடாது.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2011-இல் ஓபரா என்ற ஆய்வுக் குழு, ஜெனீவா அருகே செர்னிலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாசோவுக்கு வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ செகண்டு முன்னதாக வந்துவிட்டதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான அளவீடுகள் அதையே சொல்லின. ஆனாலும் அவர்கள், "எங்கள் தவறைக் கண்டுபிடியுங்கள்" என்றுதான் உலகத்தைக் கேட்டார்கள். 2012-இல் விடை கிடைத்தது. ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழை கேபிள் ஒன்று சரியாகச் செருகப்படாததுதான் முக்கியக் காரணம். அதையும் அவர்கள் மறைக்கவில்லை.

நான் மறைத்தேன். மறுநாள் என் காசில் புது ஸ்கேல் வாங்கிப் போனேன். தேய்மானப் பிழையைப் பற்றி நன்றாகவே பாடமும் நடத்தினேன். ஆனால் "நேற்று அவன்தான் சரி" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. வாத்தியார் தவறு செய்யலாமா என்ற வீம்பு.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அன்று சிரித்தவர்களுக்கு இப்போது சொல்கிறேன்: அவன் விடை சரி. தம்பி, நீயும் படித்தால், அந்தச் சிவப்புக் குறியை நான் அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். என்னை மன்னித்துவிடு.