புரட்டிப் பார்க்காத முதுகு

ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் பணம் தரவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று பயிற்சி மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஆய்வுக் குழுவில் மருத்துவத் தரப்பு உறுப்பினராக என்னைச் சேர்த்ததே அதற்காகத்தான்.

அது தென் மாவட்டம் ஒன்றில் ஊருக்கு வெளியே இருந்த இல்லம். பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் கிடந்தவர்களை, பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுப் போனவர்களை அங்கே சேர்த்து வைத்திருந்தார்கள். நாங்கள் வரும் தேதி அவர்களுக்கு முன்பே தெரியும். தரையை பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். எல்லாக் கட்டிலிலும் ஒரே நிற விரிப்பு. எங்கள் கையில் இருந்த படிவம் கேட்டதெல்லாம் கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை, சாய்தளம் உண்டா, தீயணைப்புக் கருவி காலாவதி ஆகாமல் இருக்கிறதா, மருத்துவர் வந்துபோன பதிவேடு இருக்கிறதா, உணவுப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்பதுதான். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட முடிந்தது. அந்த ஆம்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

ஆனால் அவை பாதிக் கேள்விகள். பெய்ரூத்தில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அவெதிஸ் டொனபீடியன், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-ல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பார்க்கச் சொன்னார். அங்கே என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறார்கள், அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் கட்டடத்தைத்தான் பார்த்ததாக ஆகும் என்று மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு முதியோர் இல்லத்தில் மற்ற இரண்டையும் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். படுத்திருப்பவரை ஒருக்களித்துத் திருப்பி முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பெலும்பையும் குதிகாலையும் பார்த்தால் போதும். படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். புத்தகத்தில் முதல் அறிகுறி சிவப்பு என்று போட்டிருக்கும். விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு. நம் ஊர்க் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் சூடாகவோ இறுகியோ கொழகொழவென்றோ இருந்தால் உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தாலே இந்த நிலையில் பெரும்பாலும் ஆறிவிடும். அடுத்தது எடை. ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5, ஆறு மாதத்தில் 10 என்று எடை இறங்கினால் சுவரில் எந்த உணவுப் பட்டியல் ஒட்டியிருந்தாலும் அந்த ஆளுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றுதான் பொருள்.

காலை பதினோரு மணிக்குக் கூடமே தூங்கினால் இரவு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மறதி நோய் உள்ள முதியவர்களை அடக்கி வைக்கக் கொடுக்கும் சில மனநோய் மாத்திரைகள் அவர்களின் உயிருக்கே ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருக்கிறதா, படுத்தவாறே கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, நள்ளிரவு தாண்டிக் கூடத்தில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள். இவ்வளவுதான். அன்று நான் இதில் எதையும் செய்யவில்லை, எதையும் கேட்கவில்லை.

பெண்கள் கூடத்தின் கோடியில் இருந்த கட்டிலை நான் கடக்கும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. நாக்கு காய்ந்து பாளம் பாளமாக இருந்தது.

“தாயி, தொண்டை காயுது. ஒரு வாய் தண்ணி தா.”

பக்கத்தில் நின்ற ஆயா ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்: “நெறைய குடுத்தா நெறையப் போயிருவாங்க சிஸ்டர். ராத்திரி துணி மாத்த ஆளில்ல. அதான் அளந்து குடுக்கோம்.”

அந்த ஆயாவை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். இரவில் அந்தக் கூடம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். மறைக்காமல் என்னிடம் சொன்னவரும் அங்கே அவர் ஒருவர்தான். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே அறிக்கைக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. நான், “கொஞ்சம் கூடக் குடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். அப்போது ஒரு வாடை வந்தது. பினாயிலை மீறி வந்த அந்த வாடை எது என்று வார்டில் வேலை பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. விரிப்புக்கு அடியில் தோல் உடைந்து புண் சீழ் பிடித்திருந்தது. விரிப்பைத் தூக்க ஒரு நொடி போதும். நான் தூக்கவில்லை. குழுவினர் சமையலறைப் பக்கம் போய்விட்டார்கள் என்று அவர்கள் பின்னால் போனேன்.

ஏன் தூக்கவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் நல்ல காரணங்கள் வந்தன. குறை எழுதினால் இல்லத்தை மூடிவிடுவார்கள், இவர்கள் எங்கே போவார்கள்? இது நியாயமான கேள்விதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியற்ற முதியவர்கள் 150 பேரையாவது தங்கவைக்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அமைத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அதனால் கைவிடப்பட்டவர்களின் சுமை இதுபோன்ற இல்லங்களின் தலையில்தான் விழுகிறது. இல்லத்தை நடத்தியவரும் நல்ல மனிதர்; தன் சொத்தை விற்று நடத்திக்கொண்டிருந்தார்.

இவை எல்லாம் உண்மை. ஆனால் பேனாவைப் பிடித்திருந்தபோது இவற்றில் ஒன்றுகூட என் மனத்தில் இல்லை. பின்னால் தேடி எடுத்தவை இவை. அப்போது என் மனத்தில் இருந்தது வேறு. தெருவில் கிடந்ததற்கு இது எவ்வளவோ தேவலை என்று நினைத்தேன். அதுதான் நான் கையில் வைத்திருந்த அளவுகோல்.

என் அம்மா பக்கவாதத்தில் விழுந்து வீட்டில் படுத்திருந்தபோது பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் அவர் கண்ணயர்ந்து, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கத் தாமதமாகிவிட்டது. அதற்காக அவரை அழவைத்தேன். அம்மாவின் குதிகாலுக்கு அடியில் தலையணை சரியாக இருக்கிறதா என்று ராத்திரி எழுந்து தடவிப் பார்ப்பேன். அதே நான், கோடிக் கட்டில் பாட்டிக்குக் கூரையும் கஞ்சியும் கிடைத்ததே போதும் என்று முடிவு செய்தேன். அவர் நடைபாதையிலிருந்து வந்தவர் என்பதால், அவருக்கு வலி குறைவு, தாகம் குறைவு என்பதுபோல. இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாராவது என் முகத்துக்கு நேரே கேட்டிருப்பார்கள். மனத்துக்குள்ளேயே வைத்திருந்ததால் அது என் கையெழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

இல்லத்தை மூடச் சொல்லி எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. படிவத்தின் கடைசியில் ‘குறிப்புகள்’ என்று ஒரு பத்தி இருந்தது. கோடிக் கட்டிலில் இருப்பவரை இன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. இரவுக்கு இன்னொரு ஆயா வேண்டும், அதற்கு நிதி தருக. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் காற்று மெத்தை வழங்குக. தண்ணீர் கொடுத்த நேரத்தை எழுதி வைக்கச் சொல்லுக. நான்கு வரிகள். இல்லத்தை நடத்தியவரேகூட என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். அந்தப் பத்தியில் நான் ஒரு கோடு கிழித்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பாட்டியை என் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். காய்ச்சல், நினைவு தப்பிய நிலை. திருப்பிப் படுக்க வைத்தபோது முதுகின் அடியில் எலும்பு தெரிந்தது. நான்காம் நிலை என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதினேன். எங்கிருந்து வந்திருக்கிறார் என்று பயிற்சி மருத்துவர் கேட்டார். இல்லத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே நான் போயிருந்ததைச் சொல்லவில்லை. சலைனில் புண்ணைக் கழுவி, அழுகிய சதையை எடுத்து, காஸ் வைத்து நானேதான் டிரெஸ்ஸிங் செய்தேன். மற்றவர்கள் அதை என் இரக்கம் என்று நினைத்தார்கள். அந்தப் புண்ணை வேறு யாரும் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் செய்தேன்.

ரத்தத்தில் நச்சு பரவி அவர் இறந்துபோனார். ஆய்வு அன்றே அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. அன்று புண் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால் அல்லவா சொல்ல முடியும். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. பணியில் இருந்தவரை ஒழுங்கு நடவடிக்கை வருமோ என்ற பயம் என்னைத் தடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு பயப்பட எதுவுமில்லை, வெட்கம் இருந்தது. என் அறிக்கையை வைத்து இல்லத்தின் பதிவைப் புதுப்பித்தார்கள். அந்தக் கூடத்தில் இன்றும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள், இரவில் ஆயா ஒருவர்தான் என்று கேள்விப்பட்டேன்.

அந்த அறிக்கை தவறு என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வு நடந்த தேதி, அன்று நான் கேட்டது, நுகர்ந்தது, தூக்கிப் பார்க்காத விரிப்பு, வார்டில் அளந்த அளவுகள், விடுபட்ட அந்த நான்கு வரிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அடியில் என் பெயரும் அப்போதைய பதவியும் இருக்கின்றன. இந்த வாரம் தபாலில் சேர்க்கிறேன். மறு ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்றால், முன்னறிவிப்பு இல்லாமல், இரவு நேரத்தில் வரத் தயார் என்றும் எழுதியிருக்கிறேன்.