நான் மறைத்த மார்ச்

2023 மார்ச்சில் என் நண்பன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கூட்டிக்கொண்டு தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குப் போனான். நான் சொல்லித்தான் போனான். அந்த மாதம் அங்கே காற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

எங்களுக்கு மென்பொருள் வேலை. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம் என்று ஆனபோது, எங்கே போனால் எவ்வளவு மிச்சமாகும் என்று எக்செலில் ஒரு பட்டியல் போட்டேன். லிஸ்பன், திபிலிசி, பினாங்கு, தா நாங், சியாங் மாய். ஒவ்வொன்றுக்கும் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, இணையம், விசா. கடைசியில் மாதச் செலவு என்று ஒரே ஒரு தொகை. வாட்ஸ்அப்பில் அது கைமாறிக் கைமாறிப் போனது. முகம் தெரியாதவர்கள்கூட என்னிடம் யோசனை கேட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்துப்போனது.

பட்டியலில் முதலிடம் சியாங் மாய்க்கு. 2022 நவம்பரிலிருந்து மூன்று மாதம் அங்கே இருந்தேன். நிம்மான் பகுதியில் ஒற்றை அறை, மாதம் 9,000 பாட். ஒரு கிண்ணம் காவ் சோய் நூடுல்ஸ் 60 பாட். சோங்தியோ எனும் சிவப்பு ஷேர் வண்டியில் ஏறினால் ஊருக்குள் எங்கே இறங்கினாலும் 30 பாட். விடிகாலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். பால்கனியில் நின்றால் கண்ணெதிரே தோய் சுதேப் மலை.

ஜனவரிக் கடைசியில் நான் பெட்டி கட்டியபோது வீட்டுக்காரம்மா, "நல்ல நேரத்தில் கிளம்புகிறீர்கள், இனிமேல் புகை வந்துவிடும்" என்றார். அன்று இரவே தேடிப் படித்தேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்தில் காடுகளும் அறுவடை முடிந்த சோள வயல்களும் எரிகின்றன. மியான்மரிலும் லாவோஸிலும் எரிவதன் புகையும் எல்லை தாண்டி வந்து சேர்கிறது. சியாங் மாய் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் ஊர். மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்றுவிட, புகை போக வழியில்லாமல் நாள்கணக்கில் தங்கிவிடுகிறது. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் அளவு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே மோசமான நாட்களில் 100-ஐத் தாண்டுகிறது.

இதைப் படித்த பிறகும் பட்டியலில் ஒரு வரி சேர்க்கவில்லை. சேர்த்தால் முதலிடம் போய்விடும். எல்லாம் தெரிந்தவன் என்ற பெயரும் போய்விடும்.

பிப்ரவரிக் கடைசியில் நண்பன் போன் செய்தான். "மாப்ள, மார்ச்ல போலாமா? பையனுக்கு வீசிங் இருக்கு. அங்க ஒத்துக்குமா?"

"தாராளமா போடா. சீசன் முடிஞ்சிருச்சு, வாடகைகூட இறங்கியிருக்கும்" என்றேன்.

புகைக்குப் பயந்து ஆட்கள் காலி செய்வதால்தான் வாடகை இறங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதையே அவனுக்கு நல்ல செய்தியாகச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு படம் அனுப்பினான். நான் நின்ற அதே நிம்மான் தெரு. தோய் சுதேப் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. உலகிலேயே காற்று மிகவும் கெட்டுப்போன நகரமாக அந்த மார்ச்சில் சியாங் மாய் செய்திகளில் அடிபட்டது. பையனை இரண்டு இரவு மருத்துவமனையில் வைத்து நெபுலைசர் கொடுத்தார்கள். வாடகை முன்பணத்தை விட்டுவிட்டு, கிடைத்த விமானத்தில் ஊர் திரும்பினார்கள்.

அவன் என்னைத் திட்டவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, "இந்த வருஷம் வழக்கத்தைவிட அதிகமாம்டா" என்றேன். அது உண்மைதான். அந்த உண்மையை எடுத்து என் பொய்யை மூடினேன். முதலில் செய்ததைவிட இதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

பிறகு பட்டியலைத் திறந்து பார்த்தேன். லிஸ்பனில் பழைய வீடுகள் பலவற்றில் சூடேற்றும் வசதி இல்லை. குளிர்காலத்தில் சுவர் ஈரம் கசியும், மின்கட்டணம் ஏறும். தா நாங்கில் அக்டோபர், நவம்பரில் மழையும் புயலும். பினாங்குக்குச் சில ஆண்டுகளில் சுமத்ராவின் தீப்புகை வரும். எந்த மாதத்துக்கான செலவு என்று எங்குமே நான் எழுதவில்லை. அதை எழுதாத கணக்கு கணக்கே அல்ல.

எனக்காவது கிளம்பிப் போக டிக்கெட் இருந்தது. 2023-ல் சியாங் மாயில் குறைந்தபட்ச நாள்கூலி 340 பாட். அந்தக் கூலிக்கு உழைப்பவர் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாது. அந்த ஊர்க்காரர்கள் நல்ல காற்றுக்காக அரசுமீதே வழக்குப் போட்டார்கள். 90 நாளுக்குள் அவசரத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் சியாங் மாய் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் நீதிமன்றம் வரை கொண்டுபோன விஷயத்தைத்தான் நான் ஒரு எக்செல் தாளில் மறைத்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நண்பன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பணம் போனா போகுது. பையனுக்கு வீசிங்னு சொல்லித்தானே உன்கிட்ட கேட்டேன்" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. உள்ளறையில் அவன் மனைவி இருந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.