பலிக்காத வாக்கு

நான் கிறிஸ்தவன் அல்லன். கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷமும் ஒரு மிஷன் கல்லூரியில். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேத பாடம் உண்டு. மற்றப் பாடங்களில் பெரும்பாலானவை மறந்து போயின. பைபிள் மாத்திரம் என்னோடு தங்கிவிட்டது. அதற்குக் காரணம் பக்தி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கதை எழுதுகிறவனுக்கு உள்ள பேராசைதான்.

அந்தப் புத்தகத்தில் தெய்வ எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளம் வருமுன்பே நோவாவுக்குச் செய்தி வருகிறது. பிலாத்துவின் மனைவி கெட்ட கனவு கண்டு, நியாயாசனத்தில் இருக்கும் புருஷனுக்கு ஆள் அனுப்புகிறாள். பிலேயாமுக்கோ, அவன் ஏறிப்போன கழுதையே வாய் திறந்து புத்தி சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் இத்தனை பேரிலும் என் மனத்தில் இடம் பிடித்துக்கொண்டவன் யோனாதான். தன்னுடைய எச்சரிக்கைக்கு ஜனங்கள் செவிசாய்த்துவிட்டார்களே என்று கோபித்துக்கொண்டு, செத்தால் தேவலை என்று சொன்ன மனிதன் அவன்!

நினிவே அசீரியர்களின் மாநகரம். இன்றைய ஈராக்கில், மோசூல் நகரத்தை ஒட்டி, டைகிரிஸ் நதியின் கீழ்க்கரையில் அதன் இடிபாடுகள் மேடிட்டுக் கிடக்கின்றன. கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேல் ராஜ்யத்தை அழித்தவர்கள் அசீரியர்கள். ஆகவே நினிவே என்ற பெயரைக் கேட்டாலே யூதர்களுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ந்ததுபோல் இருக்கும். அந்த ஊருக்குப் போய் எச்சரிக்கை செய் என்று ஆண்டவர் கட்டளையிட்டதும், யோனா நேர் எதிர்த் திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிவிட்டான். புயலும் மீன் வயிறும் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. அவற்றைத் தாண்டிப் போவோம்.

கடைசியில் வேண்டாவெறுப்பாக நினிவேக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் செய்த பிரசங்கம் எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்கள்தாம். நாற்பது நாள் கெடு; அதற்குள் நகரம் கவிழ்ந்துவிடும். மனம் திரும்புங்கள் என்றுகூட அதில் இல்லை. ஆனால் ஜனங்கள் கேட்டார்கள். ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஆடு மாடுகள்கூடப் பட்டினி கிடந்தன. நகரம் பிழைத்தது. யோனாவுக்கு வந்ததே கோபம்! இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் அன்றைக்கே ஓடினேன், நீர் இரக்கமுள்ளவர் என்பது எனக்குத் தெரியாதா என்று ஆண்டவரோடு சண்டைக்கு நிற்கிறான்.

ஜோசியன் சொன்னது பலித்தால் ஜோசியனுக்குப் புகழ். தீர்க்கதரிசியின் பாடு வேறு. அவன் சொன்ன கேடு வந்து சேர்ந்துவிட்டால், அவன் வந்த காரியம் கெட்டது என்று அர்த்தம். வாக்குப் பலிக்காமல் போவதே அவனுக்கு ஜெயம். அழிக்க வேண்டும் என்பதே நோக்கமானால் நாற்பது நாள் தவணை எதற்கு?

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அவருடைய தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ வேலையாக மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனவன், லாரி மோதி இறந்துபோனான். துக்கம் கேட்கப் போயிருந்தேன். வந்திருந்தவர்களில் ஓர் உறவுக்காரர் நீளமாக ஜெபம் செய்துவிட்டு, தாயாரைப் பார்த்துச் சொன்னார்: போன வருஷம் பையன் விழுந்து கால் ஒடிந்து கிடந்தானே, அது ஆண்டவர் கொடுத்த எச்சரிப்பு, கேட்காமல் ஆராதனை வேளையில் ஊர் சுற்றப் போனான், கர்த்தர் எத்தனை தரம்தான் பொறுப்பார்?

அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளை போனது ஒரு துக்கம். அவன் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாகிப் போனான் என்பது அதைவிடப் பெரிய இடி.

திண்ணையில் எழுபது வயதைக் கடந்த உபதேசியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, போன வருஷம் அவன் கால் ஒடிஞ்சு கிடந்தப்போ, இது ஆண்டவரோட எச்சரிப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

உறவுக்காரர் பேசவில்லை.

"தெரிஞ்சிருந்தா அப்பவே வந்து அவன்கிட்டச் சொல்லியிருக்கணும். தெரியலைன்னா இப்பச் சொல்லக் கூடாது."

பிறகு அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, சீலோவாம் கோபுரத்தின் கதையைச் சொன்னார். எருசலேமில் அந்தக் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் சொல்லிவிட்டார். "செத்தவங்களை அவரே குத்தம் சொல்லலை தாயி. நாம யாரு சொல்ல?" என்றார் உபதேசியார். அந்த அம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஊருக்குத் திரும்பியதும் லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். செத்தவர்களை விட்டுவிட்ட இயேசு, கேட்டுக்கொண்டு நிற்பவர்களை விடவில்லை. நீங்கள் திருந்தாவிட்டால் உங்களுக்கும் கேடுதான் என்கிறார். அடுத்தாற்போல ஓர் அத்தி மரத்தின் கதை. மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை, வெட்டிவிடு என்கிறான் சொந்தக்காரன். இந்த வருஷமும் இருக்கட்டும் ஐயா, சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று கெஞ்சுகிறான் தோட்டக்காரன். எச்சரிக்கையும் தவணையும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

தமிழ் இலக்கணக்காரனாக இருந்தால் இப்படிச் சொல்லுவேன்: எச்சரிக்கை எப்போதும் முன்னிலையில் சொல்லப்பட வேண்டியது. "நீ" என்று சொன்னால் அது எச்சரிக்கை. "அவன்" என்று படர்க்கையில் சொல்லத் தொடங்கினால் தீர்ப்பாகிவிடும். தீர்ப்புச் சொல்ல நம்மை யாரும் நியமிக்கவில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்தபோதும் இந்தப் படர்க்கைப் பேச்சைக் கேட்டோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக்கு வந்து கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களும் அவர்களில் பலர். எந்தப் பாவத்துக்கு எந்தச் சாமி கொடுத்த தண்டனை என்று கணக்குப் பார்த்தவர்கள் எல்லா மதங்களிலும் இருந்தார்கள். சுமத்திராவில் பூமி நடுங்கிய பிறகு, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்தில் ஓடுங்கள் என்று சொல்ல ஒரு குரல் இல்லை. எசேக்கியேல் ஆகமத்தில் ஒரு ஜாமக்காரன் வருகிறான். பகைவன் வருவதைக் கண்டும் அவன் எக்காளம் ஊதாமலிருந்தால், செத்தவர்களின் இரத்தப்பழி அவன் தலையில்தான். 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. எனக்கென்னவோ, கணக்குப் பார்த்தவர்களைவிட அதைக் கட்டினவர்களே எசேக்கியேலை நன்றாகப் படித்தவர்கள் என்று தோன்றுகிறது.

நினிவே ராஜா கேட்டது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். உபவாசத்தோடு அவன் நிறுத்தவில்லை. அவரவர் கையிலுள்ள கொடுமையை விட்டு விலகவேண்டும் என்று உத்தரவு போட்டான். அப்படிச் செய்தால் தப்பலாம் என்று அவனுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒருவேளை தெய்வம் இரங்கலாம், யார் கண்டது என்ற அளவுக்குத்தான் அவனுடைய நம்பிக்கை. அந்த 'ஒருவேளை'யை நம்பிக் கையைச் சுத்தம் செய்துகொண்டான். பின்னாளில், கி.மு. 612-ல், பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். பாட்டன் திருந்தியது பேரனுக்குச் செல்லாது போலும்.

யோனாவோ ஊருக்குக் கிழக்கே குடிசை போட்டுக்கொண்டு, என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தான். நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடி முளைத்தது. மறுநாளே பூச்சி அரித்துப் பட்டுப்போனது. செடிக்காக அவன் வருந்தினான். ஒரு நாளில் முளைத்த செடிக்கு நீ இரங்கும்போது, வலது கை இடது கை தெரியாத 1,20,000 பேரும் அத்தனை கால்நடைகளும் உள்ள நகரத்துக்கு நான் இரங்க வேண்டாமா என்கிறார் ஆண்டவர். அவன் என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை. அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

கேரளத்தில், கோட்டயம் ஜில்லாவில், குறவிலங்காடு என்று ஓர் ஊர். அங்கே மரியன்னை ஆலயத்தில், பெரிய நோன்புக்குச் சில வாரங்கள் முன்னதாக 'மூன்று நோன்பு' கொண்டாடுகிறார்கள். நினிவே மக்கள் இருந்த உபவாசத்தின் நினைவு அது. யோனாவின் கடற்பயணத்தைக் காட்டும் மரக்கப்பலை ஆண்கள் சுமந்துகொண்டு, புயலில் அகப்பட்டதுபோல் உயர்த்தியும் தாழ்த்தியும் ஆட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். எந்தக் காலத்திலோ, எந்தத் தேசத்திலோ, தங்களுக்கு உறவென்று சொல்ல ஒருவர்கூட இல்லாத ஓர் ஊர் அழியாமல் தப்பித்தது என்று இவர்கள் பட்டினி இருந்து விழா எடுக்கிறார்கள். யோனாவால் மகிழ முடியாமற்போனதற்கு, அவனுடைய கப்பலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மகிழ்ந்தார்கள்.