ஒரு கமாவுக்கு இரண்டு விநாடி

1999-ல் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் அவர் டெஸ்பாட்ச் கிளார்க். முந்தைய வருஷம்தான் பக்கத்து ஹூண்டாய் ஆலையிலிருந்து சாண்ட்ரோ வெளிவர ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் புதுப்புது ஷெட்டுகள். சாயந்திரம் லாரி கிளம்பியதும், எத்தனை பெட்டி போனது என்று வாங்குகிறவர்களுக்கு இமெயில் அனுப்ப வேண்டும். அது அவர் பொறுப்பு.

ஆபீஸில் வெளி லைன் ஒன்றே ஒன்றுதான். நாலு எக்ஸ்டென்ஷன் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. ஜீரோ அழுத்தி, கொஞ்சம் பொறுத்தால்தான் வெளி டயல்டோன் வரும். மனிதர்கள் பொறுப்பார்கள், மோடத்துக்கு அது தெரியாது. ஜீரோவை ஒட்டியே மற்ற எண்களையும் கொட்டிவிடும், பாதி எண் காற்றில் போகும். ஜீரோவுக்குப் பின்னால் ஒரு கமா போட்டால் சரியாகிவிடும் என்று சர்வீஸ் பையன் சொல்லிக் கொடுத்தான். ஒரு கமாவுக்கு இரண்டு விநாடி நிற்கும். 1981-ல் அமெரிக்காவின் ஹேய்ஸ் கம்பெனி தன் ஸ்மார்ட்மோடத்துக்கு வகுத்த கட்டளை மொழியைத்தான் பிறகு வந்த மோடம்கள் எல்லாம் பேசின. அவர் இரண்டு கமா போட்டுக்கொண்டார். எதிர்முனை மோடம் எடுத்துப் பேசக் காத்திருக்கும் நேரத்தையும் 90 விநாடியாகக் கூட்டினார். அதற்கு முன்பு, இணைப்பு கிடைக்கப்போகும் நேரம் பார்த்து மோடம் போனை வைத்துவிடும்.

இத்தனை செய்தும் சாயந்திரமானால் எங்கேஜ்டுதான். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது முதல் ஊர்களில் சென்னையும் ஒன்று. அன்றிலிருந்தே கூப்பிடுகிறவர்கள் அதிகம், எடுக்கிற லைன்கள் குறைவு. 1998-ல் தனியார் கம்பெனிகள் வந்த பிறகும் மாலை நேர நெரிசல் தீரவில்லை. அதனால் தானாகவே திரும்பத் திரும்ப டயல் செய்யும்படி அவர் அமைத்திருந்தார். நூறு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து விநாடி. டயல் செய்து எங்கேஜ்டு டோனைக் கண்டுபிடித்து வைப்பதற்கே மோடத்துக்கு அரை நிமிஷம் ஆகும். நூறு முறை என்றால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் லைன் அதன் கையில்.

மழைக்கால சாயந்திரம் ஒன்றில், மோடத்தை அப்படி ஓடவிட்டு லோடு எண்ணப் போயிருந்தார். சுங்குவார்சத்திரத்தில் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். ஏழு முறை ஆபீஸ் எண்ணை அடித்தார். "யாரோ ரொம்ப நேரமா பேசுறாங்க போலக்கா" என்றார் பூத்காரர். பிறகு அவரே ஆட்டோ பிடித்து, தன் மனைவியையும் துணைக்கு ஏற்றி, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்.

உண்மையில் அந்த ஒரு மணி நேரமும் அந்த லைனில் யாரும் யாரோடும் பேசவில்லை.

எட்டரைக்கு வீடு திரும்பியவரைப் பூட்டுதான் வரவேற்றது. ஆஸ்பத்திரியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி சத்தம் போடவில்லை. "ஏழு தடவை அடிச்சேங்க. எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னே வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். "யார்கூடங்க அவ்வளவு நேரம் பேசுனீங்க?" என்று கேட்டார். மோடம் என்றால் என்ன என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது.

சில நாடுகளில் இந்தப் பிடிவாதத்துக்குச் சட்டமே கடிவாளம் போட்டிருந்தது. குறிப்பிட்ட முறை தோற்றதும் மோடம் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் தொடவே தொடாது. எக்ஸ்சேஞ்ச் திணறக்கூடாது, தவறான எண் பதிந்துவிட்டால், சம்பந்தமில்லாத வீட்டில் ராத்திரியெல்லாம் மணி அடிக்கக்கூடாது. நியாயமான ஏற்பாடுதான்! அவர் மேஜையிலிருந்த மோடமோ, சொன்னதை அப்படியே செய்யும் ஜாதி.

மறுநாள் நூறைப் பத்தாக்கினார். ஐந்து விநாடியை மூன்று நிமிஷமாக்கினார். மெயில் தாமதமாகிறது என்று மானேஜர் முணுமுணுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அதோடு விட்டுவிட்டார். அதன் பிறகு அந்த மூன்று நிமிஷ இடைவெளியில் போன் அடித்தால், மானேஜரே எழுந்துபோய் எடுத்தார்.